கேட்போரும் களமும்: நடுநிலை வகுப்புத் தமிழ்ப் பாடநூல்களின் வாசிப்பு, எழுத்துச் செயல்பாடுகள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்நாட்டில் 2018-19, 2019-20 ஆகிய கல்வியாண்டுகளில் நடைமுறைக்கு வந்த தமிழ்ப் பாடநூல்கள், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குப் பலவகை மொழிச் செயல்பாடுகளை வகுத்துத் தந்துள்ளன. இச்செயல்பாடுகளில் வாசிப்பு, எழுத்து ஆகிய இரண்டினையும் இக்கட்டுரை திறனாய்கிறது. பவணந்தி முனிவரின் நன்னூல் பாயிரத்தில் அமைந்த பாடம் கேட்டல் முறையும் சிறப்புப் பாயிர இலக்கணமும் ஆய்வின் அளவுகோல்களாகக் கொள்ளப்பட்டுள்ளன. கம்பம் பள்ளத்தாக்கின் நெல்விளை ஊரான மார்க்கையன்கோட்டையின் மொழிச்சூழல் உரைகல்லாக அமைகிறது. செயல்பாடுகளின் எண்ணிக்கையில் குறைவில்லை. மாணவர் எழுதுவதைக் கேட்பவர் யார், அது எக்களத்தில் வாசிக்கப்படும் என்பவை பெரும்பாலும் தீர்மானிக்கப்படாமல் விடப்பட்டுள்ளமையே அவற்றின் அடிப்படைக் குறை என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: நடுநிலை வகுப்பு, தமிழ்ப் பாடநூல், வாசிப்பு, எழுத்துப் பயிற்சி, நன்னூல், இரட்டை வழக்கு, கம்பம் பள்ளத்தாக்கு.

முன்னுரை

மாநிலம் முழுமைக்கும் ஒரே பாடநூல் என்பது சமத்துவ நோக்கில் பெறப்பட்ட பேறு. 2010-11ஆம் கல்வியாண்டில் முதல், ஆறாம் வகுப்புகளில் தொடங்கிய சமச்சீர் கல்வி, பள்ளி வகைக்கு ஒரு பாடத்திட்டம் என்ற நிலையை மாற்றியது. எனினும், ஒரே பாடநூல் வெவ்வேறு நிலங்களில் வாசிக்கப்படும்போது அதிலுள்ள வினாக்கள் ஒரே தன்மையில் நிற்பதில்லை. நெய்தல் நிலத்துக் குழந்தைக்கு அகராதிச் சொல்லாக இருப்பது, வயலோரக் குழந்தைக்கு நாள்தோறும் காலில் படுகின்ற பொருளாக இருக்கும். ஆகவே பாடநூற் செயல்பாடு ஒன்றினை மதிப்பிட, அதனைக் குறிப்பிட்ட ஓர் ஊரில் நிறுத்திப் பார்ப்பது பயனுடைய முறையாகும்.

இக்கட்டுரை அதற்கெனத் தேர்ந்துகொண்ட ஊர் மார்க்கையன்கோட்டை. தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில் சின்னமனூரையும் குச்சனூரையும் அடுத்துள்ள பேரூராட்சி இது. 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீரால் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலம் இருபோக நெல் சாகுபடிக்கு உரியதாக உள்ளது. நெல், வாழை, திராட்சை ஆகிய பயிர்களோடு, எல்லைக்கு அப்பாலுள்ள இடுக்கி மாவட்டத்தின் ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் ஜீப்புகளில் கூலிக்குச் சென்று திரும்பும் தொழிலாளர் வாழ்வும் இப்பள்ளத்தாக்கிற்கு உரியது. இங்கே செய்யப்படுவது கள ஆய்வன்று. பாடநூற் செயல்பாடுகள் பற்றிய பனுவல் திறனாய்வே. ஊர், அச்செயல்பாடுகள் எதைக் கேட்கின்றன, எதைக் கேட்காமல் விடுகின்றன என்பதை உரசிப் பார்க்கும் கல்லாகப் பயன்படுகிறது.

நன்னூல் தரும் அளவுகோல்கள்

மொழிப்பாடச் செயல்பாடுகள் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் மேலைநாட்டுக் கல்வியியல் கலைச்சொற்களின் துணையோடு நிகழ்கின்றன. அவை தேவையானவையே. எனினும், 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்த நன்னூலின் பாயிரம், இதே சிக்கலுக்குத் துல்லியமான இரு அளவுகோல்களைத் தருகிறது.

முதலாவது, பொதுப்பாயிரத்தில் இடம்பெறும் பாடம் கேட்டலின் வரலாறு. ஆசிரியர் உரைப்பதை எவ்வளவு நன்கு கேட்டாலும் மாணாக்கர் பெறுவது காற்பங்குப் புலமையே. உடன்பயில்வோருடன் பழகுவதால் மற்றொரு காற்பங்கு கிட்டும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்குச் செம்மையாக எடுத்துரைப்பதால் நிறையும் என்பது அதன் கருத்து. கற்றலின் சரிபாதி கேட்பவர் ஒருவர் முன்னிலையிலேயே நிகழ்கிறது என நன்னூல் கணக்கிடுவது கருதத்தக்கது.

இரண்டாவது, சிறப்புப் பாயிர இலக்கணம். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகிய எட்டுடன் காலம், களம், காரணம் என்னும் மூன்றினையும் சேர்த்துப் பதினொன்றாகக் கூறும் மரபு நன்னூலில் பதிவாகியுள்ளது. ஒரு நூல் எதைப் பற்றியது என்பது இவற்றுள் ஒன்று மட்டுமே. யார் கேட்க, எக்களத்தில், எக்காரணம் பற்றி, என்ன பயன் கருதி என்னும் வினாக்களுக்கும் விடை இருந்தால்தான் எழுத்து நூலாகிறது.

எழுத்து ஒருவரை நோக்கியது என்னும் இவ்வுணர்வு தேனி நிலத்திற்குப் புதிதன்று. 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்த புலிமான்கோம்பை நடுகற்கள் இம்மாவட்டத்தின் ஆண்டிபட்டி வட்டத்தைச் சேர்ந்தவை. தமிழி எழுத்தில் அமைந்த அவற்றுள் ஒன்று, ஆகோள் பூசலில் இறந்தவனின் நினைவை மிகச் சில சொற்களில் வழிச்செல்வோர்க்கு உரைக்கிறது. மார்க்கையன்கோட்டையை அடுத்த சின்னமனூரின் பெயரால் அறியப்படும் பத்தாம் நூற்றாண்டுப் பாண்டியர் செப்பேடோ, மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதம் தமிழாக்கப்பட்டதையும் அரசகுலத்தின் பெருமைகளாகப் பதிவுசெய்கிறது. முன்னது வழிப்போக்கர்க்கு, பின்னது அவைக்கும் எதிர்காலத்திற்கும் உரியது. இரண்டிற்கும் கேட்போர் உண்டு. இதே நிலத்தில் இன்று ஏழாம் வகுப்பில் எழுதப்படும் கட்டுரைக்குக் கேட்போர் யார் என்பதே நம் வினா.

பாடநூலின் செயல்பாட்டு அமைப்பு

இப்பாடநூல்கள் இயல்களாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வோர் இயலும் கவிதைப்பேழை, உரைநடை உலகம், விரிவானம், கற்கண்டு என்னும் பிரிவுகளைக் கொண்டுள்ளது. பாடங்களின் முடிவில் 'கற்பவை கற்றபின்', 'மதிப்பீடு', 'சிந்தனை வினா' ஆகியவையும், இயலின் முடிவில் 'மொழியை ஆள்வோம்', 'மொழியோடு விளையாடு', 'நிற்க அதற்குத் தக' ஆகியவையும் அமைகின்றன. கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் ஆகிய நால்வகைத் திறன்களுக்கும் இடம் தரப்பட்டுள்ளது. முந்தைய பாடநூல்களோடு ஒப்பிட இது தெளிவான வளர்ச்சி. ஆறாம் வகுப்பில் 'கனவு பலித்தது' கடித வடிவிலும், 'கிழவனும் கடலும்' படக்கதை வடிவிலும் அமைந்திருப்பது, வகைமைகளின் வேறுபாட்டைச் சிறு வயதிலேயே உணர்த்தும் நன்முயற்சி.

ஆயினும், நன்னூலின் அளவுகோல்களைக் கொண்டு இவற்றை அணுகும்போது வேறொரு சித்திரம் கிட்டுகிறது.

வாசிப்புச் செயல்பாடுகள்: சொல்லைத் தேடும் கண்

பத்தியைப் படித்து வினாக்களுக்கு விடை எழுதும் பயிற்சி, நடுநிலை வகுப்புகளின் நிலையான வாசிப்புச் செயல்பாடு. இதன் இயங்குமுறையை விளங்கிக்கொள்ள நாமே ஒரு தொடரை அமைத்துக்கொள்வோம். 'வயலின் தென்புறத்தில் மடை திறக்கப்பட்டது' என்பது பத்தியில் உள்ள தொடர். 'மடை எங்கே திறக்கப்பட்டது?' என்பது வினா. மடை என்றால் என்னவென்றே அறியாத ஒரு குழந்தையும் வினாவிலுள்ள சொற்களைப் பத்தியில் தேடிக் கண்டு, 'வயலின் தென்புறத்தில்' எனப் பிழையின்றி எழுதிவிடும். முழு மதிப்பெண்ணும் கிடைக்கும். வாசிப்பு மட்டும் நிகழ்ந்திராது.

மார்க்கையன்கோட்டைக் குழந்தையின் நிலை இதற்கு மறுதலையானது. வாய்க்காலில் நீர் வந்ததும் யார் வயலுக்கு முதலில் பாயும், முறை தவறி ஒருவர் மடையைத் திறந்தால் என்ன சச்சரவு எழும், இரவில் மண்வெட்டியோடு வரப்பில் காத்திருப்பது ஏன் என்பவற்றை அது வீட்டுப் பேச்சில் கேட்டிருக்கும். ஆனால் இந்த அறிவு அனைத்தையும் விட்டுவிட்டு அதுவும் 'வயலின் தென்புறத்தில்' என்றே எழுதியாக வேண்டும். ஆக, இவ்வகை வினா அறியாத குழந்தையின் அறியாமையையும் வெளிப்படுத்துவதில்லை. அறிந்த குழந்தையின் அறிவையும் வெளிப்படுத்துவதில்லை.

அமெரிக்கக் கல்வியாளர் லூயிஸ் ரோசன்பிளாட், 1938இலும் 1978இலும் வெளிவந்த தம் நூல்களில், பொருள் என்பது பனுவலில் மட்டும் தங்கியிருப்பதன்று என்றும், வாசகரும் பனுவலும் கொள்ளும் ஊடாட்டத்தில் உருவாவது என்றும் விளக்கினார். தகவலை எடுத்துச்செல்லும் வாசிப்பு, வாசிக்கும் கணத்தையே அனுபவமாகக் கொள்ளும் வாசிப்பு என இரு நிலைப்பாடுகளையும் அவர் வேறுபடுத்தினார். நம் பாடநூல்களின் கவிதைப்பேழையில் இடம்பெறும் செய்யுள்கூட, மதிப்பீட்டுப் பகுதிக்கு வரும்போது தகவல் வாசிப்பிற்கே உரியதாக்கப்படுகிறது. 'சிந்தனை வினா' ஒன்றே இதற்கு விலக்கு. ஆனால் அதற்கும் ஆயத்த விடைகளை வணிக வழிகாட்டி நூல்கள் அச்சிட்டுத் தந்துவிடுகின்றன. சிந்தித்து எழுத வேண்டிய விடை மனப்பாடம் செய்யப்படும் விடையாவது, வினாவின் குறையினால் மட்டுமன்று; அவ்விடையைக் கேட்க ஆவலுடன் ஒருவரும் இல்லாமையாலுமாகும்.

இந்நிலையை அரசின் அண்மைய முயற்சிகள் ஓரளவு உணர்ந்துள்ளன. 2023இல் தொடங்கப்பட்ட வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்னும் நான்கு படிநிலைகளில் சிறுநூல்களை வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. இந்நூல்களின் இறுதியில் தேர்வு காத்திருப்பதில்லை என்பதே அவற்றின் வலிமை. படிநிலைப் பெயர்களும் குழந்தையைத் தரவரிசைப்படுத்தாமல் அதன் இயக்கத்தைச் சுட்டுகின்றன. எனினும், பாடநூல் வாசிப்பு ஒரு முறையிலும் இயக்க வாசிப்பு மற்றொரு முறையிலும் தனித்தனியே இயங்கும்வரை, முன்னது உழைப்பாகவும் பின்னது ஓய்வாகவுமே குழந்தையின் மனத்தில் பதியும்.

எழுத்துச் செயல்பாடுகள்: முன்பே எழுதப்பட்ட 'நான்'

எழுத்துச் செயல்பாடுகளில் சொல்லக் கேட்டு எழுதுதல், சொல்லை மாற்றித் தொடரமைத்தல், கடிதம், கட்டுரை ஆகியவை முதன்மையானவை. கட்டுரைக்குப் பெரும்பாலும் முன்னுரை தொடங்கி முடிவுரை வரையிலான உட்தலைப்புகள் குறிப்புகளாகத் தரப்படுகின்றன. தொடக்கநிலை எழுத்தாளர்க்கு இது கைத்தாங்கல்தான். ஆனால் மூன்று ஆண்டுகளிலும் அக்கைத்தாங்கல் விலக்கப்படுவதில்லை. எதை முதலில் சொல்வது, எதை விடுவது, எங்கே நிறுத்துவது என்னும் முடிவுகளே எழுத்தின் உள்ளீடு. அம்முடிவுகளை வேறொருவர் எடுத்துவிட்ட பின்னர்க் குழந்தைக்கு எஞ்சுவது இட்டு நிரப்பும் பணி.

'நிற்க அதற்குத் தக' பகுதியில் அமையும் 'என் பொறுப்புகள்' இதன் உச்சம். நற்பண்புகளைத் தன்மை ஒருமை வினைமுற்றில் வாக்கியங்களாக அச்சிட்டுக் குழந்தையின் கையில் தருகிறது இப்பகுதி. நோக்கம் உயர்ந்ததே. ஆயினும் மொழி நோக்கில் இது வியப்பிற்குரிய நிகழ்வு: 'நான்' எனத் தொடங்கும் வாக்கியத்தைக் குழந்தை உருவாக்குவதற்கு முன்பே பாடநூல் உருவாக்கிவிடுகிறது. 'ஆக்கியோன் பெயர்' குழந்தையுடையது, ஆக்கியோர் வேறொருவர்.

பெயரும்கூட எப்போதும் குழந்தையுடையதாக இருப்பதில்லை. பொதுத்தேர்வில் தேர்வரின் அடையாளம் வெளிப்படாதிருக்கும் பொருட்டுக் கடித வினாக்களில் புனைபெயரும் புனைமுகவரியும் தரப்படுவது வழக்கம். அத்தேர்வுக்குப் பொருத்தமான இவ்வேற்பாடு, கீழ்வகுப்புகளின் பயிற்சியிலும் புகுந்து இயல்பாகிவிட்டது. பெறுநர் கற்பனை, அனுப்புநர் கற்பனை, செய்தியும் கற்பனை என்றாகும்போது எஞ்சுவது கடிதத்தின் வடிவம் மட்டுமே.

ஊருக்கு நூலகம் வேண்டி எழுதும் கடிதத்தை எடுத்துக்கொள்வோம். வடிவம் சரியாக இருந்தால் மதிப்பெண் உறுதி. ஆனால் அக்கடிதம் மெய்யாகவே யாரைச் சென்றடைய வேண்டும் என ஒரு வகுப்பு தேடத் தொடங்கினால், 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டம், மாவட்ட நூலக ஆணைக்குழு, சொத்து வரியோடு சேர்த்துப் பெறப்படும் நூலக வரி ஆகியவை ஒவ்வொன்றாக வகுப்பறைக்குள் வரும். தம் வீட்டு வரியில் நூலகத்திற்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பதை அறிந்த குழந்தை, கெஞ்சும் நடையை விட்டு உரிமையறிந்த நடையில் எழுதும். ஊரில் ஏற்கெனவே நூலகம் இருப்பின், எத்தகைய நூல்கள் தேவை, எந்நேரத்தில் திறந்திருக்க வேண்டும் என்பவை கடிதத்தின் பொருளாகும். நடைவேறுபாட்டை இலக்கணப் பாடம் கற்பிப்பதைவிடப் பெறுநர் ஆழமாகக் கற்பிக்கிறார்.

பேச்சுமொழிக்கும் எழுத்துமொழிக்கும் இடையில்

ஏழாம் வகுப்புப் பாடநூலின் முதல் இயல் இச்சிக்கலுக்கு வழிகாட்டும் இரு பாடங்களைத் தன்னகத்தே கொண்டுள்ளது. 'பேச்சுமொழியும் எழுத்துமொழியும்' என்னும் உரைநடை, தமிழ் இரட்டை வழக்கு மொழி என்பதையும் வட்டார மொழியின் இயல்பையும் விளக்குகிறது. அதனை அடுத்து அமையும் 'சொலவடைகள்', மக்கள் வழக்கைப் பாடப்பொருளாகவே ஏற்கிறது. உழவுப் பணிகளைப் பாடும் 'வயலும் வாழ்வும்' என்னும் நாட்டுப்புறப் பாடலும் இவ்வகுப்பிற்கு உரியது. பாடநூற் குழுவின் மொழிப்பார்வை விரிந்தது என்பதற்கு இவை சான்றுகள்.

ஆனால் இப்பார்வை பாடத்தோடு நின்றுவிடுகிறது. எழுத்துச் செயல்பாட்டின் முறையாக வளரவில்லை. வட்டார வழக்கு, எழுத்து வழக்காக 'மாற்றி' எழுத வேண்டிய பயிற்சிப் பொருளாகவே திரும்பத் திரும்ப வருகிறது. திசை ஒன்றே: பேச்சிலிருந்து எழுத்திற்கு. மாற்றப்படும் சொல் பிழையான சொல் என்னும் எண்ணம் குழந்தைக்கு ஏற்படுவது தவிர்க்க இயலாதது. நாற்றங்கால், தொழி, முதல்போகம், பொலி, படப்பு போன்ற சொற்கள் பேச்சு வழக்கின் திரிபுகளல்ல. அவை தொழிற்கலைச் சொற்கள். 'கலைச்சொல் அறிவோம்' என்னும் பகுதி ஒவ்வோர் இயலிலும் உண்டு. அதில் ஆங்கிலச் சொற்களுக்கு நிகரான தமிழ்ச் சொற்கள் இடம்பெறுகின்றன. நெல்வயலின் கலைச்சொற்களை மார்க்கையன்கோட்டைக் குழந்தை பிற ஊர்க் குழந்தைகளுக்கு விளக்கி எழுதுவதற்கும் அங்கே ஒரு கட்டம் ஒதுக்கப்பட்டிருந்தால், கலைச்சொல் என்பது மேலிருந்து வருவது மட்டுமன்று என்பது உணர்த்தப்பட்டிருக்கும்.

அத்தகைய செயல்பாட்டில் இரட்டை வழக்கு தடையாகாமல் கருவியாகும். முதற்படியில் குழந்தை வீட்டில் கேட்டதைக் கேட்டவாறே பதிவுசெய்யும். இரண்டாம் படியில் உடன்பயில்வோர் ஒருவர் அதனை வாசித்து, விளங்காத இடங்களில் வினா எழுப்புவார். மூன்றாம் படியில், வெளியூர் வாசகரை முன்னிறுத்தி எழுத்து வழக்கில் விளக்கம் அமையும். எந்தச் சொல்லைப் பேச்சு வழக்கிலேயே விடுவது என்பதையும் குழந்தையே முடிவுசெய்யும். நன்னூல் கூறும் காற்பங்கு, காற்பங்கு, அரைப்பங்கு என்னும் கணக்கு இங்கே வகுப்பறை நடைமுறையாகிறது. டொனால்டு கிரேவ்ஸ் 1983இல் வெளியிட்ட நூலில் குழந்தைகளின் எழுத்தை வரைவு, உரையாடல், திருத்தம், வெளியீடு எனத் தொடரும் செயல்முறையாக அணுகியதும் இதனோடு ஒப்பிடத்தக்கது.

மதிப்பீடும் பதிவேடும்

செயல்பாடுகள் சடங்காவதில் மதிப்பீட்டு முறைக்கும் பங்குண்டு. 2000க்குப் பிந்தைய பத்தாண்டில் உயர்தொடக்க வகுப்புகளில் அறிமுகமான படைப்பாற்றல் கல்வி முறை, வாசித்ததை மனவரைபடமாக வரைந்து, தொகுத்து, வகுப்பின் முன் வழங்கச் செய்தது. மனவரைபடம் வாசகரின் தனிப்பட்ட புரிதலைக் காட்டும் அரிய கருவி. ஆயினும் முப்பது குழந்தைகளும் ஒரே வரைபடத்தைக் கரும்பலகையிலிருந்து பெயர்த்து வரையத் தொடங்கியபோது அது தன் பொருளை இழந்தது.

2012-13இல் வந்த தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு, வளரறி மதிப்பீட்டிற்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டிற்கு 60 என மதிப்பெண்களைப் பகிர்ந்தது. வளரறியில் பாதியான 20 மதிப்பெண்கள் செயல்பாடுகளுக்கு உரியவை. செயல்பாட்டிற்கு மதிப்பெண் தந்தது முன்னேற்றம். ஆனால் மதிப்பெண்ணுக்குச் சான்று தேவைப்படுகிறது. சான்று பதிவேட்டில் ஒட்டப்பட வேண்டியதாகிறது. விளைவாக, குழந்தையின் ஒப்படைவுக்குப் பதிவேடே இறுதி வாசகராகிவிட்டது. கல்வியாளர் ச. மாடசாமி தம் நூலொன்றுக்கு 'என் சிவப்புப் பால்பாயிண்ட் பேனா' எனத் தலைப்பிட்டது நினைக்கத்தக்கது. பிழை சுட்டும் பேனாவுக்கு அப்பால், 'அதற்குப் பிறகு என்ன நடந்தது?' என ஓரத்தில் எழுதும் பேனா ஒன்றும் வகுப்பறைக்குத் தேவை. முன்னது திருத்துநருடையது, பின்னது வாசகருடையது.

மறுப்புகளும் விளக்கங்களும்

இவ்வாதத்திற்கு எழக்கூடிய மறுப்புகளுள் மூன்று கருதத்தக்கவை.

பாடச்சுமையும் காலக்குறைவும் முதலாவது. இது மெய்யான இடர்ப்பாடு. ஆயினும் ஒரு பருவத்தில் பல கட்டுரைகளை ஒருமுறை எழுதுவதினும் ஒரே கட்டுரையை மும்முறை எழுதுவது கூடுதல் நேரம் கேட்பதன்று. குறைக்க வேண்டியது செயல்பாடுகளின் எண்ணிக்கை.

எழுத்து வழக்கின் தரம் குன்றும் என்பது இரண்டாவது. வெளியூர் வாசகர் ஒருவர் இருக்கிறார் என்னும் உணர்வே பொதுத்தமிழின் தேவையைக் குழந்தைக்குப் புரியவைக்கும். வாசகர் இல்லாதபோது பொதுத்தமிழ் வெறும் கட்டளையாகவே நிற்கும்.

மூன்றாவது மறுப்பு மிகவும் கடுமையானது. குழந்தையின் வாழ்வை எழுதச் சொல்வது அதன் வறுமையையும் சாதியையும் வகுப்பின் முன் வெளிப்படுத்திவிடாதா? விடியுமுன் ஏலத்தோட்டத்திற்கு ஜீப் ஏறும் தாயின் மகளிடம் 'என் குடும்பம்' பற்றி எழுதச் சொல்லி, அதனை உரக்க வாசிக்கவும் வைத்தால் அது வன்முறையாகலாம். யாருடைய வயல், யார் கூலி என்னும் வினாக்கள் இவ்வட்டாரத்தில் வெறும் தகவல்கள் அல்ல. ஆகவே கேட்போரைத் தேர்ந்துகொள்ளும் உரிமையும் எழுதுபவருக்கே இருத்தல் வேண்டும். ஆசிரியர் மட்டும் வாசிக்க வேண்டியது, தோழி மட்டும் வாசிக்க வேண்டியது, அவையில் வாசிக்கத்தக்கது எனக் குழந்தையே பகுத்துக்கொள்ளலாம். ஒருவரும் வாசிக்க வேண்டாம் என மடித்து வைக்கும் தாளுக்கும் வகுப்பில் இடம் வேண்டும். 'களம்' என்னும் பாயிர உறுப்பின் அறம் இதுவே.

முடிவுரை

நடுநிலை வகுப்புத் தமிழ்ப் பாடநூல்கள் பொருளிலும் வகைமையிலும் வளம் பெற்றுள்ளன. அவற்றின் வாசிப்பு வினாக்கள் சொல் தேடலாகவும், எழுத்துப் பணிகள் வடிவ நிரப்பலாகவும் சுருங்குவதற்குக் காரணம், நுதலிய பொருளுக்குத் தரப்பட்ட கவனம் கேட்போர், களம், காரணம், பயன் ஆகியவற்றிற்குத் தரப்படாமையே. அரசு 2022இல் தொடங்கிய 'தேன்சிட்டு' சிறார் இதழ் ஆறு முதல் ஒன்பது வரையிலான வகுப்பினர்க்குப் பொதுக்களம் ஒன்றைத் திறந்துள்ளது. ஒவ்வொரு பள்ளியிலும் அதன் சிறுவடிவங்கள் அமைய இயலும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் குழந்தைகள் தொகுத்த நெல்வயற் சொற்களை வாசிக்கலாம். பேரூராட்சிச் செயல் அலுவலருக்கு எழுதிய கடிதத்தை மெய்யாகவே அஞ்சலில் சேர்க்கலாம். ஒரு பள்ளியின் எழுத்தை வேறு நிலத்துப் பள்ளிக்கு அனுப்பலாம்.

பாடநூல் திருத்தம் பெறும்போது ஒவ்வோர் எழுத்துச் செயல்பாட்டின் கீழும் இரு வரிகள் சேர்க்கப்பட வேண்டும் என இக்கட்டுரை முன்மொழிகிறது: 'இதை யாருக்காக எழுதுகிறாய்? அவர் இதை எங்கே வாசிப்பார்?' அவ்விரு வரிகளையும் நிரப்பும் உரிமை குழந்தைக்கே விடப்பட வேண்டும்.